மருந்து ஆலையில் முதல் கையெழுத்து

ஆட்குறைப்பில் வேலை இழந்த ஒருவர் மருந்து ஆலையின் உற்பத்திப் பிரிவில் சேர்வதற்குள் இரண்டு காரியங்களை முடிக்க வேண்டியிருக்கிறது. இழந்த வேலையிலிருந்து தமக்குச் சேர வேண்டியதை முழுதாக வாங்கிக்கொள்வது ஒன்று. பழைய வேலையில் பழகிய கையைப் புதிய ஒழுங்குக்குத் திருப்புவது மற்றொன்று. முதல் காரியத்துக்குச் சட்டம் நாள் குறித்து வைத்திருக்கிறது. இரண்டாவதற்குக் கெடு எதுவும் இல்லை. ஆனால் வேலையில் நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பெடாஸ், ரெம்பாவ், செம்போங் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை பறிபோவது புதிய அனுபவமல்ல. 1950களிலும் 60களிலும் மலாயாத் தோட்டங்கள் கூறு போட்டு விற்கப்பட்ட துண்டாடல் காலத்தில், பால் மரம் வெட்டியவர்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, அதே பரப்பு நிலத்துக்கு முன்னைவிடக் குறைந்த ஆட்களே போதுமானவர்களாக இருந்தார்கள். 1970களுக்குப் பிறகு பிரட்டுக் களத்தை விட்ட பிள்ளைகள் சிரம்பான், செனவாங், சுங்கை காடுட் பக்கத்து மின்னணு ஆலைகளின் பஸ்களில் ஏறினார்கள். இப்போது ஆட்குறைப்பு அந்த ஆலைத் தலைமுறையையும் வந்து தொடுகிறது. கோவிட் காலத்தில் ஆள் போதாமல் தவித்த கையுறைத் தொழில், தேவை சரிந்ததும் ஆலைகளை மூடத் தொடங்கியது. 2023இல் ஹார்த்தலேகா தன் பெஸ்தாரி ஜெயா ஆலையை நிறுத்தியது. 2024இல் ஷா ஆலாமின் குட்இயர் டயர் ஆலை மூடப்பட்டபோது சுமார் 550 பேர் வேலை இழந்தனர். தோட்டக் காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று வெறுங்கையோடு வெளியேறியவர்கள் பலர். இன்று சட்டப்படி கைக்கு வர வேண்டிய பணம் இருக்கிறது. கேட்கத் தெரியாததால் அதை விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சேர வேண்டிய பணம்

ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, குறைந்தது 30 நாள் முன்பே தொழிலாளர் இலாகாவுக்கு உரிய பாரத்தில் அறிவிக்க வேண்டும். ஒரே மாதிரி வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களை நிறுத்திய பிறகுதான் உள்நாட்டவரை நிறுத்தலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60என் பிரிவு சொல்கிறது. வேலை ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வார நோட்டீசும், 2 முதல் 5 ஆண்டுக்குள் செய்தவருக்கு 6 வார நோட்டீசும், 5 ஆண்டும் அதற்கு மேலும் செய்தவருக்கு 8 வார நோட்டீசும் தரப்பட வேண்டும்.

நோட்டீஸ் வேறு, இழப்பீடு வேறு. அதே சட்டத்தின் கீழ் வந்த 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைகளின்படி, தொடர்ந்து 12 மாதமாவது வேலை செய்திருந்தால் இழப்பீட்டுக்குத் தகுதி வருகிறது. 2 ஆண்டுக்குள் இருந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். மாதம் 2,000 ரிங்கிட் சம்பளத்தில் 12 ஆண்டு உழைத்தவருக்கு 240 நாள் சம்பளம் சேர வேண்டும். கடைசி 12 மாதச் சம்பளத்தை 365ஆல் வகுத்து ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிட்டால், தொகை ஏறத்தாழ 15,800 ரிங்கிட். வேலை முடிந்த 7 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும்.

இங்கேதான் ஒரு கையெழுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ‘ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வேலைக்குப் போகும்போது நன்றாக இருக்கும்’ என்று சொல்லி ஒரு தாளை நீட்டினால், அதில் கையெழுத்துப் போடக் கூடாது. தாமாக வேலையை விட்டவருக்குச் சட்டப்படியான இழப்பீடு இல்லை, வேலைக் காப்புறுதியும் இல்லை. ஆட்குறைப்புக் கடிதத்தைக் காட்டுவதால் புதிய முதலாளி தாழ்வாக நினைப்பதில்லை. ஒரு ஆலை மூடப்பட்டது அதன் ஆப்பரேட்டரின் குற்றமாகாது. நிர்வாகம் அறிவிக்கும் விருப்ப விலகல் திட்டத்தில் போகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவர்களைக் காப்புறுதி ஏற்றுக்கொள்கிறது. நீக்கியது நியாயமில்லை என்று கருதுகிறவர் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் 60 நாளுக்குள் முறையிட வேண்டும்.

வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கும் அதே 60 நாள்தான் கெடு. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் இந்தத் திட்டத்துக்கு 2018 ஜனவரியிலிருந்து சம்பளத்தில் 0.2 விழுக்காடு தொழிலாளியிடமும் 0.2 விழுக்காடு முதலாளியிடமும் பிடிக்கப்படுகிறது. சம்பளச் சீட்டில் சில ரிங்கிட்டாக மட்டும் தெரிவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வேலை போனபின் கிடைக்கும் வேலை தேடும் படி, காப்புறுதிச் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. அதே 2,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு ஆறு மாதமும் கிடைத்தால் மொத்தம் 5,400 ரிங்கிட். எத்தனை மாதம் கிடைக்கும் என்பதைச் சந்தா கட்டிய காலம் தீர்மானிக்கிறது. இடையிலேயே வேலை கிடைத்துவிட்டால் மீதத்தில் ஒரு பங்கை ஒரே தடவையாகத் தருகிறார்கள். எனவே படி தீரும்வரை சும்மா இருந்தால்தான் லாபம் என்று கணக்குப் போடத் தேவையில்லை. பயிற்சிக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சிக் கட்டணமும் உண்டு. வேலை தேடுவதற்கு மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பதிய வேண்டும். மருந்து ஆலைகளின் ஆப்பரேட்டர் வேலைகளையும் அங்கே தேடலாம்.

ஏஜென்டு மூலம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். குறித்த தவணை முடிந்து ஒப்பந்தம் காலாவதியானால் காப்புறுதி கிடையாது. புதிய வேலையை ஏற்கும்போது அது நேரடி வேலையா, ஏஜென்டு வேலையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அடுத்த ஆட்குறைப்புக்கும் உதவும்.

வேலை எங்கே

பெடாசைச் சுற்றி உணவு ஆலைகள் உண்டு. பக்கத்துச் செம்போங்கில் நெஸ்லேயின் மைலோ ஆலை உலகிலேயே பெரியது என்று சொல்லப்படுகிறது. மாத்திரையும் ஊசி மருந்தும் செய்யும் பெரிய ஆலைகளுக்கோ பெடாஸ்–லிங்கி டோலில் ஏறி வடக்கே அல்லது தெற்கே போக வேண்டும். வடக்கே சிலாங்கூரின் பாங்கியில் பார்மாநியாகா, ஒய்.எஸ்.பி. போன்றவை இருக்கின்றன. தெற்கே மலாக்காவின் செங் தொழிற்பேட்டையில் கொத்ரா பார்மா, செப்பா–சோல் பேட்டின்சன் ஆகியவை இருக்கின்றன. போக்குவரத்துதான் இங்கே முதல் கேள்வி. ஆலை பஸ் பெடாஸ் வரை வருகிறதா, இரவு ஷிப்ட் முடிகையில் வண்டி உண்டா, சொந்த வண்டியென்றால் டோலும் பெட்ரோலும் சம்பளத்தில் எவ்வளவைத் தின்னும் என்று பார்த்துவிட்டுத்தான் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். வார வேலை நேரம் 45 மணி. ஓவர்டைமுக்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. ஷிப்ட் படியும் வருகைப் படியும் ஆலைக்கு ஆலை வேறுபடுவதால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆப்பரேட்டர் வேலைக்கு எஸ்.பி.எம். சான்றிதழைப் பல ஆலைகள் கேட்கின்றன. சான்றிதழைவிட முக்கியமானது, மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருக்கும் வேலைமுறையை வாசித்துப் புரிந்துகொண்டு அதன்படி செய்யும் திறமை. எல்லாம் எழுத்தில் நடக்கும் தொழில் இது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஐம்பது வயதுக்காரருக்கு இது உண்மையான தடை; இதைச் சின்ன விஷயமாகச் சொல்வது நியாயமாகாது. ஆனால் எண்களும் அளவுகளும் குறுகிய கட்டளைகளுமே அந்தத் தாள்களில் மிகுதி. சில வாரம் மெனக்கெட்டால் பழகக்கூடிய மொழிதான். புரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து. அதைவிட ‘எனக்கு இது விளங்கவில்லை, மறுபடி காட்டுங்கள்’ என்று சொல்வதை நல்ல ஆலைகள் விரும்புகின்றன. மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு பார்ப்பதும் உண்டு; மாத்திரையில் நிறம் மாறிய புள்ளியைக் கண்டுபிடிக்கும் கண் வேண்டும்.

ஒவ்வொன்றையும் சோதிக்க முடியாது

மின்னணு ஆலையிலிருந்து வருகிறவருக்கு முதலில் விளங்க வேண்டியது இதுதான். சிப்பு செய்யும் ஆலையில் ஒவ்வொரு சிப்பையும் சோதித்து, கெட்டதைக் கழித்துவிடலாம். மாத்திரையில் அது நடக்காது. உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அறிய அதை இடித்துக் கரைக்க வேண்டும். சோதித்த மாத்திரை மாத்திரையாக மிஞ்சாது. லட்சக்கணக்கில் இறங்கும் ஒரு தொகுதியில் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஊசி மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் பெரிய தொகுதியிலிருந்து 20 குப்பி போன்ற சிறு எண்ணிக்கைதான் எடுக்கப்படுகிறது. சோதிக்கப்படாத மற்றவை நல்லவை என்று எப்படி நம்புவது? அவை செய்யப்பட்ட ஒவ்வொரு கட்டமும் சரியாக நடந்தது என்பதற்கு எழுத்துச் சாட்சி இருந்தால் நம்பலாம். மருந்துத் தொழிலின் எல்லாக் கட்டுப்பாடுகளும் இந்த ஒரு காரணத்திலிருந்து கிளைக்கின்றன.

1971இல் இங்கிலாந்தின் ஒரு ஆலையில் குளுக்கோஸ் டிரிப் பாட்டில்களை ஆவிக்கலத்தில் வைத்துக் கிருமி நீக்கினார்கள். கலத்தின் அடிப்பகுதியில் காற்று தங்கிவிட்டதால் கீழ்த் தட்டுப் பாட்டில்களுக்குப் போதிய சூடு ஏறவில்லை. பதிவு மானி குறைந்த வெப்பத்தையே காட்டியது. மானிதான் பழுது என்று எண்ணி, வேறொரு மானியை நம்பித் தொகுதியை முடித்தார்கள். அடுத்த ஆண்டு பிளிமத் நகரின் டெவன்போர்ட் மருத்துவமனையில் அந்த டிரிப் ஏற்றப்பட்டவர்களில் ஐவர் இறந்தார்கள். கிளோதியர் குழு விசாரித்து வெளியிட்ட அறிக்கை இன்றும் மருந்துத் தொழிலின் பாடங்களில் இடம்பெறுகிறது. வேலையில் இருந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. மானி காட்டியதை அப்படியே எழுதி, நிறுத்தி, மேலே சொல்லியிருந்தால் போதும்.

நம் காலத்தில் இருமல் மருந்துகளின் கதை இன்னும் கொடியது. மருந்துக்குரிய கிளிசரின் அல்லது புரொப்பிலீன் கிளைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு கலந்தால் குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழக்கும். 1937இல் அமெரிக்காவில் இந்த நச்சு 100க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளும் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 200 குழந்தைகளும் இறந்தனர். 2025இல் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட ஒரு இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் மடிந்தார்கள். அதில் அந்த நச்சு 48 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. ஏற்கத்தக்க அளவு 0.1 விழுக்காடு. மூலப்பொருள் பீப்பாய் வந்த அன்றே சோதித்திருந்தால் அது ஆலையின் கலக்கும் தொட்டி வரை போயிருக்காது. ‘சோதனை முடியவில்லை’ என்ற மஞ்சள் சீட்டு ஒட்டிய பீப்பாயைத் தொடாதே என்று புது ஆளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பது இதனால்தான்.

மலேசியாவில் இந்தக் கட்டுப்பாடு 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின் கீழ் நடக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள என்.பி.ஆர்.ஏ. எனும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஆலைகளைச் சோதனை செய்கிறது. 2002இல் மலேசியா பி.ஐ.சி./எஸ். என்ற அனைத்துலக ஆய்வுக் கூட்டமைப்பில் உறுப்பினரானது. அதனால் பாங்கியிலோ செங்கிலோ உள்ள ஆலை கடைப்பிடிக்க வேண்டிய நல்லுற்பத்தி நெறி ஐரோப்பிய ஆலைகளின் நெறியோடு பெரும்பாலும் ஒன்றுதான். மருந்துப் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கடையில் பார்த்திருப்போம். அதன் கடைசியில் வரும் எழுத்துகளில் ஏ என்றால் நச்சுப் பட்டியல் மருந்து, எக்ஸ் என்றால் பட்டியலில் இல்லாத மருந்து, டி என்றால் பாரம்பரிய மருந்து. ஆலையில் சேர்ந்தவருக்கு அந்த எண் பெட்டியில் அச்சாகும் இடத்தைச் சரிபார்ப்பது அன்றாட வேலையாகிவிடுகிறது.

உடை மாற்றும் அறை

உற்பத்திக் கூடத்துக்குள் நுழைவதே ஒரு வேலை. வெளிச் செருப்பைக் கழற்றி, பெஞ்சைத் தாண்டி, கை கழுவி, ஆலை உடை, தலைமூடி, தாடி இருந்தால் தாடிமூடி, முகக்கவசம், கையுறை என்று வரிசைப்படி அணிய வேண்டும். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து. உள்ளே காற்றழுத்தம் கூடுதலாகவோ குறைவாகவோ வைக்கப்பட்டிருக்கும். ஒரு கதவு மூடும்முன் அடுத்த கதவைத் திறக்கக் கூடாது.

தமிழ்ப் பெண்களுக்குக் கடினமான இடம் இதுதான். வளையல், மூக்குத்தி, தோடு, மெட்டி, பொட்டு, பூ, முகப் பவுடர் எதுவும் உள்ளே போக முடியாது. கையில் கட்டிய சாமிக் கயிறும் நெற்றி விபூதியும் அப்படியே. நகை என்பதால் மட்டும் இந்தத் தடை இல்லை. மெல்லிய சங்கிலியின் ஒரு கண்ணி கழன்று கலவைக்குள் விழுந்தால் யாருக்கும் தெரியாது. விபூதியும் பவுடரும் கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்ந்து மிதக்கும். மிகத் தூய்மையான ‘ஏ’ தரப் பகுதியில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரோமீட்டர் அளவும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. அசையாமல் நிற்கும் மனித உடலே தோல் செதில்களைத் தொடர்ந்து உதிர்த்துக்கொண்டிருக்கும் நிலையில் இது மிகக் கடுமையான வரம்பு. தாலியைப் பற்றி ஆலைக்கு ஆலை விதி வேறு. மாத்திரைப் பகுதியில் மூடிய உடைக்குள் இருக்க அனுமதிக்கிற இடமும் உண்டு. ஊசி மருந்துப் பகுதியில் அது கூடாது. இதை நேர்முகத் தேர்விலேயே தயங்காமல் கேட்டுவிடுவது நல்லது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உடை மாற்றும் அறையில் தாலியைக் கழற்றச் சொல்லிக் கேட்பதைவிட, வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு வருவதே அந்தப் பெண்ணுக்கு மரியாதை.

சாப்பிடுவது, குடிப்பது, வெற்றிலை மெல்லுவது, புகைப்பது எல்லாம் உற்பத்திப் பகுதிக்கு வெளியேதான். இருமல், வயிற்றுப்போக்கு, கையில் வெட்டுக்காயம் இருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். ஒருநாள் சம்பளம் போகுமோ என்று மறைப்பதுண்டு. வேறு பகுதிக்கு மாற்றிவிட்டாலே பெரும்பாலும் போதும். அன்றைய வேலை போக வேண்டியதில்லை.

நிறுத்தல் முதல் பெட்டி வரை

மாத்திரை ஆலையில் வேலை நிறுவையில் தொடங்குகிறது. தைராய்டுக்கான 50 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று 100 மில்லிகிராம் எடை என்று கொண்டால், மருந்து அதில் 2,000இல் ஒரு பங்குதான். மீதியெல்லாம் மாவும் சர்க்கரையும் பிணைப்பானும். அந்த ஒரு பங்கைப் பிழையாக நிறுத்தால் பின்னால் எந்த இயந்திரமும் திருத்தாது. தோட்டத்தில் பாலை நிறுத்துக் கணக்கெழுதியவர் கிராணி. வெட்டியவர் எட்டி நின்றார். இங்கே நிறுக்கிறவரே எழுதுகிறார், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்திடுகிறார். தம் உழைப்பின் கணக்கைத் தாமே எழுதும் உரிமையும் பொறுப்பும் ஒருங்கே கைக்கு வருவது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அற்பமான மாற்றமல்ல.

பிறகு தூளை ஈரமாக்கிக் குருணையாக்கி உலர்த்துவார்கள். வெறும் தூள் இயந்திரத்தில் சீராக ஓடாது என்பதால் இந்த ஏற்பாடு. குருணை கலக்கப்பட்டு அழுத்தும் இயந்திரத்துக்குப் போகிறது. சுழலும் தட்டில் மேலும் கீழும் இருக்கும் அச்சுகள் ஒவ்வொரு குழியிலும் மருந்தை அழுத்தி மாத்திரையாக்கி வெளியே தள்ளுகின்றன. ஆப்பரேட்டர் குறித்த இடைவெளியில் மாத்திரைகளை எடுத்து எடை, கடினத்தன்மை, தடிமன் பார்க்கிறார். சராசரி 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள மாத்திரையில், 20ஐ நிறுத்தால் இரண்டுக்கு மேல் 5 விழுக்காடு வரம்பைத் தாண்டக் கூடாது, எதுவும் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உருட்டிப் பார்க்கும் சோதனையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் உதிரக் கூடாது. மேற்பூச்சில்லாத மாத்திரை நீரில் 15 நிமிடத்துக்குள் கரைந்து சிதற வேண்டும். எடை வரம்பின் ஓரத்துக்கு நகரும்போதே அச்சில் தூள் அடைப்பு என்று ஊகிப்பவர் அனுபவசாலி. வரம்பைத் தாண்டியபின் கண்டவர் இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும்.

பொதியல் பகுதி எளிதென்று நினைத்துப் புது ஆட்களை அங்கேதான் முதலில் அனுப்புகிறார்கள். பெரும் பிழைகள் பல நடப்பதும் அங்கேதான். முந்தைய மருந்தின் ஒரே ஒரு மாத்திரை லைனில் ஒளிந்திருந்து அடுத்த மருந்தின் அட்டையில் ஏறினால், இரத்த அழுத்த மாத்திரை கேட்டவருக்கு நீரிழிவு மாத்திரை போகும். அதனால் ஒவ்வொரு தொகுதிக்கும் முன் லைன் கிளியரன்ஸ் நடக்கும். இயந்திரத்தின் அடியும் இடுக்கும் குப்பைத் தொட்டியும் பார்த்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட்டம். வாங்கிய லேபிள், ஒட்டியது, கிழித்தது, திருப்பிக் கொடுத்தது எல்லாம் கூட்டினால் கணக்கு நேராக வேண்டும். மேசையில் மீந்த ஒரு லேபிளைப் பையில் போட்டுக்கொண்டால் அது திருட்டு போல நடத்தப்படும்.

மலேசியாவில் ஹலால் மருந்துக்கென 2012இல் எம்.எஸ். 2424 என்ற தரம் வந்தது. கேப்சூல் உறை எந்த விலங்கின் ஜெலட்டினில் செய்யப்பட்டது அல்லது தாவரப் பொருளில் செய்யப்பட்டதா என்பதும் அதில் பார்க்கப்படும். மாட்டு ஜெலட்டின் பற்றித் தமிழ்த் தொழிலாளர் சிலருக்கும் தயக்கம் உண்டு. கேட்டால் பொருள் பட்டியலைக் காட்டுவார்கள்.

எழுதாதது நடக்காதது

மருந்து ஆலைகளில் எல்லோரும் சொல்லும் வாசகம் இது. தொகுதி ஆவணத்தில் ஒவ்வொரு வேலைக்கும் நேரமும் கையெழுத்தும் இடும் கட்டம் இருக்கிறது. வேலை நடக்கும்போதே மையில் எழுத வேண்டும். முன்கூட்டி நிரப்பக் கூடாது. ஷிப்ட் முடிவில் நினைவிலிருந்தும் நிரப்பக் கூடாது. பிழை நேர்ந்தால் ஒரே கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, காரணமும் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். வெள்ளை மை பூசி அழிப்பது இங்கே மன்னிக்கப்படாத தவறு. பழைய எழுத்து தெரியும்படி இருக்க வேண்டும் என்பதில்தான் நம்பிக்கையே தங்கியிருக்கிறது.

எண்ணிக்கை இலக்கை வைத்து ஓடிய ஆலைகளிலிருந்து வருகிறவர்களுக்கு உதற வேண்டிய பழக்கம் வேகம். கையுறை ஆலையில் ஓட்டத்தை நிறுத்துவது இழப்பு. நிறுத்துகிறவர் பேச்சு வாங்குவார். இங்கே சந்தேகம் வந்தால் நிறுத்துவதுதான் வேலை. இயந்திரத்தின் ஓசை மாறியது, மாத்திரையில் கறுப்புப் புள்ளி தெரிந்தது, காகிதத்தில் உள்ள எண்ணும் பீப்பாயில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்றால் எழுதி மேலே சொல்ல வேண்டும். இதை விலகல் அறிக்கை என்பார்கள். புதியவர்கள் இதைத் தம்மைப் பற்றிய புகார் என்று அஞ்சுகிறார்கள். ஒரு விலகலும் பதியாத ஆலையைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் சந்தேகிக்கிறார்கள்.

கொண்டுவரும் கைத்திறனும் வீணாகாது. சிப்பு ஆலையில் தூய அறை உடை போட்டவருக்கு உடை மாற்றும் வரிசை பழக்கம். உணவு ஆலையில் வேலை பார்த்தவருக்குக் கை கழுவும் ஒழுங்கு தெரியும். கையுறையில் ஊசித் துளை தேடிய கண்ணுக்கு மாத்திரை அட்டையின் குறை சீக்கிரம் தெரியும். நேர்முகத் தேர்வில் இவற்றை விவரமாகச் சொல்லத் தெரிய வேண்டும். ‘ஆப்பரேட்டராக இருந்தேன்’ என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு எதுவும் விளங்காது.

உடல்நலக் கேள்விகளை நேரே கேட்க வேண்டும். மருந்துத் தூள் வேலை செய்பவரின் உடலிலும் மருந்துதான். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். பென்சிலின் தனிக் கட்டடத்தில் செய்யப்படுவதற்கும் ஒவ்வாமையே காரணம். ஹார்மோன், புற்றுநோய் மருந்துகள் செய்யும் பகுதியில் கர்ப்பிணிகள் வேலை செய்யக் கூடாது. கருவுற்றதைத் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். நச்சு இரசாயனங்களைப் பற்றி 2000ஆம் ஆண்டு விதிமுறையும், இரைச்சலைப் பற்றி 2019ஆம் ஆண்டு விதிமுறையும் இருக்கின்றன. எந்தப் பொருள், எந்தக் கவசம், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை என்று கேட்பது தொழிலாளியின் உரிமை.

தகுதிகாண் காலம் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம். அதில் ஒவ்வொரு வேலைமுறைக்கும் வாசிப்பு, செய்முறை, சோதனை முடிந்து பயிற்சிப் பதிவில் கையெழுத்து விழும். அந்தக் கையெழுத்து விழாத வேலையைச் சூப்பர்வைசர் அவசரத்தில் செய்யச் சொன்னாலும் செய்யக் கூடாது. ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது, அன்று அந்த இயந்திரத்தை இயக்கியவரின் பயிற்சிப் பதிவைத்தான். நிரந்தரமான பிறகு மூத்த ஆப்பரேட்டர், லைன் லீடர் என்று படிகள் உண்டு. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். கையில் இருந்தால் இயந்திரப் பராமரிப்பு, தரக் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் கதவு திறக்கும்.

தனியாக இயக்க அனுமதி கிடைத்த நாளில் தொகுதி ஆவணத்தின் ‘செய்தவர்’ என்ற கட்டத்தில் அந்தத் தொழிலாளியின் கையெழுத்து முதல் முறையாக விழுகிறது. அந்த ஆவணத்தை மருந்து காலாவதியாகி ஓராண்டு வரையோ, தொகுதி விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டு வரையோ, எது பிந்தியதோ அதுவரை ஆலை பாதுகாத்து வைக்க வேண்டும்.